கொரோனா நாட்களில் சேலத்தில் உங்களுக்குத் தகவல் எப்படி வந்து சேர்ந்தது? அனுபவங்களைச் சொல்லுங்கள்

குகைக்காரன்:
நான் ஆரம்பித்து வைக்கிறேன். சாயங்காலம் டிவியில் வந்த சேலம் வேறு, எங்களுக்குத் தெரிய வேண்டியிருந்த சேலம் வேறு. சுகாதாரத் துறையின் தினசரித் தொற்றுப் பட்டியலில் சேலம் என்றால் மாவட்டம் முழுக்க. மேட்டூர், ஆத்தூர், எடப்பாடி, மேலே ஏற்காடு எல்லாம் அதற்குள் அடக்கம். மாநகராட்சியின் 60 வார்டுகளில் எத்தனை, அதில் நம்ம தெரு உண்டா என்பதுதான் வீட்டில் எல்லோருக்கும் கேள்வி. 2020 மே மாதத்துக்கு அப்புறம் வெளி மாநிலங்களிலிருந்து திரும்பியவர்கள் கணக்கும் அதில் சேர்ந்தது. அவர்களைத் தனியாகப் பிரித்துத்தான் போட்டிருப்பார்கள், ஆனால் யார் பிரித்துப் பார்க்கிறார்கள்? "சேலம் ஏறிடுச்சுப்பா" என்று திருப்பூரிலிருந்து சித்தப்பா போன் போடுவார். எங்கே ஏறியது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

தெரு அளவில் விஷயம் சொன்னது மைக் கட்டிய ஆட்டோதான். வழக்கமாக எங்கள் பக்கம் தறிச் சத்தத்தில் எந்த மைக்கும் எடுபடாது. தேர்தல் பிரசாரமே பாதிதான் கேட்கும். ஊரடங்கில் தறி நின்றதால் ஆட்டோ அடுத்த தெருவில் வரும்போதே காய்கறி வண்டி எத்தனை மணிக்கு, காய்ச்சல் முகாம் எங்கே என்று திண்ணையில் உட்கார்ந்தபடியே கேட்டுவிடலாம்.

அம்மாப்பேட்டை அக்கா:
தம்பி, 2020 ஏப்ரல் கடைசியில் வந்த முழு ஊரடங்கை மறந்துட்டீங்களே. 24ஆம் தேதி வெள்ளிக்கிழமை முதலமைச்சர் அறிவித்தார். சென்னை, கோவை, மதுரைக்கு 26 முதல் 29 வரை. சேலம், திருப்பூருக்கு 28 வரை. அறிவிப்பில் ஒரு குழப்பமும் இல்லை. ஆனால் இடையில் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. கூட்டம் கூடக் கூடாது என்று சொன்ன அறிவிப்பே அந்தக் கூட்டத்தைக் கூட்டியது. எங்கள் மளிகைக் கடையில் தாளிக்கக் கடுகு கூட மிச்சம் இல்லை. அதற்குள் யாரோ கோவைக்குப் போட்ட தேதியை நம்ம ஊர் குரூப்பில் தட்டிவிட, 29ஆம் தேதியும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் எங்கள் வரிசையிலேயே உண்டு.

கணக்கெடுப்புக்குப் போனவள்:
நான் வீடு வீடாகப் போன குழுவில் இருந்தேன். காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கி, விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் மெஷின், ஒரு நோட்டு. மருதாணி வைத்த விரலில் மெஷின் எண் காட்டாமல் திணறும். ஒரு பாட்டிக்குப் பத்து விரலும் மருதாணி. கடைசியில் கால் விரலில் மாட்டினோம். பாட்டிக்கு வெட்கமான வெட்கம்.

எங்களிடம் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி.
"ஏம்மா, அந்த மூணாவது வீடுதானே?"
"தெரியாதுங்க பாட்டி."
"தெரியாமலா நோட்டு வெச்சிருக்கே?"

பெயர் சொல்லக் கூடாது என்று எங்களுக்குக் கண்டிப்பான உத்தரவு. ஆனால் தொற்று வந்த வீட்டைத் தகரம் அடித்து, வாசலில் நோட்டீஸ் ஒட்டியும் வைத்த பிறகு எதை மறைப்பது? என் கருத்து, தெருப் பெயரை அன்றன்றைக்கே சொல்லிவிட வேண்டும், வீட்டைக் காட்டவே கூடாது. நடந்தது பல இடங்களில் தலைகீழ். வாசலில் ஒட்டிய வீட்டுக்காரருக்குக் குணமான பிறகும் பால் ஊற்ற ஆள் வராமல், நாங்களே சொசைட்டியில் வாங்கிக் கொடுத்தோம். "ஒட்டினதைக் கிழிச்சாச்சு, இனிமேல் போகலாம்" என்று சொல்ல ஒரு ஆட்டோவும் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

குகைக்காரன்:
இதை நான் யோசிக்கவே இல்லை அக்கா. அடைப்பதைத்தான் மைக்கில் சொல்வார்கள், திறந்தது தானாகத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

சேர்வராயன் மலைக்காரர்:
மேலே இருக்கும் எங்கள் கதை வேறுங்க. ஏற்காடு மாநகராட்சியில் இல்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் "சேலம்" என்று எது வந்தாலும் எங்களுக்கும் சேர்த்தே வரும். கடை நேரம் முதல் எல்லாவற்றிலும் குழப்பம். கீழே தளர்வு என்றதும் "ஏற்காடு திறந்தாச்சு" என்று யாரோ கிளப்பிவிட, அடிவாரத்தில் வண்டியைத் திருப்பி அனுப்பியே போலீஸ்காரர்கள் அலுத்துப்போனார்கள். எங்களுக்கு 20 கொண்டை ஊசி வளைவும் காலி. காட்டெருமைதான் நடந்தது. கோடை விழா 2022 மே மாதத்தில்தான் திரும்ப வந்தது.

டவர் எடுக்காத மலைக் கிராமங்களில் நான் பார்த்தவரை உருப்படியான தகவல் ரேஷன் டோக்கன்தான். 2020 ஏப்ரலில் 1000 ரூபாயும் பொருட்களும் கொடுத்தபோது, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று எழுதி வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். படிக்கத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் காட்டிக் கேட்டுக்கொண்டார்கள். அதில் வதந்திக்கு வழியே இல்லை.

சூரமங்கலம் ராத்திரி ஷிப்ட்:
2021 இன்னும் மோசம். மே மாதம் உருக்காலை வளாகத்தில் ஆக்ஸிஜன் வசதியோடு 500 படுக்கை திறந்தார்கள், அந்தச் செய்தி உடனே பரவியது. தடுப்பூசிதான் தலைவலி. நாளை எந்தப் பள்ளியில், கோவிஷீல்டா கோவாக்சினா என்று இரவில் பட்டியல் படமாக வரும். ஃபார்வர்ட் ஆகிற வேகத்தில் தேதி இருக்கும் மேல் பகுதியை யாராவது வெட்டியிருப்பார்கள். போன வாரப் பட்டியலைப் பார்த்து வந்த கூட்டத்தோடு நானும் ஒரு பள்ளி வாசலில் நின்றிருக்கிறேன். வாட்ச்மேன் பாவம், பூட்டைக் காட்டிக் காட்டியே ஓய்ந்துவிட்டார்.

எங்கள் அப்பாவுக்கு இரண்டாவது ஊசித் தேதியை அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதற்குள் கோவிஷீல்டு இடைவெளியை 12 முதல் 16 வாரம் என்று மாற்றிவிட்டார்கள். செய்தியில் சொன்னார்கள் என்று நானும் அம்மாவும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். "அட்டையில என்ன போட்டிருக்கு, அதைப் பாரு" என்று கிளம்பிவிட்டார். அங்கிருந்த நர்ஸ் சிரித்துக்கொண்டே பழைய தேதியை அடித்து, புதுத் தேதியை எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்ட பிறகுதான் மனுஷன் அந்த இடத்தை விட்டு நகர்ந்தார்.