டாப்பெட் துளையைப் பெரிதாக்கலாமா? அம்பாசடர் 1489 சிசி எஞ்சினுக்கு உயர் லிஃப்ட் கேம்

மன்னை அம்பாசடர்:
மன்னார்குடியில் என்னிடமுள்ள அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினுக்கு லிஃப்ட் (வால்வு எழும் உயரம்) கூடுதலான கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் முட்டை வடிவக் கேம்கள் கொண்ட தண்டு) செய்யக் கொடுக்கவிருக்கிறேன். அதற்கு முன் பிளாக்கிலுள்ள (எஞ்சினின் வார்ப்பு உடல்) டாப்பெட் துளைகளைப் பெரிதாக்கி, கேமின் அசைவை வால்வுப் பக்கம் கடத்தும் உருளைகளான அகலமான டாப்பெட்டுகளைப் பொருத்திவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விட்டம் போதாவிட்டால் கேமின் பக்கச்சரிவு டாப்பெட்டின் விளிம்பைக் கடித்து இரண்டையும் தின்றுவிடும். அமெரிக்காவில் செவ்ரோலே 21.4, ஃபோர்டு 22.2, கிரைஸ்லர் 23 மி.மீ. டாப்பெட்டுகளைப் பயன்படுத்தின, பந்தயக்காரர்கள் செவ்ரோலே பிளாக்கைக் குடைந்து பெரிய டாப்பெட் போட்டதும் இந்தக் காரணத்தால்தான்.

ஐயாறன்:
நண்பரே, அதே அளவுகளை வைத்துக் கணக்குப் போடுவோம். தட்டை டாப்பெட்டில் கேம் தொடும் இடம் மையத்திலிருந்து விலகும் தூரம், கேம் ஒரு ரேடியன் (சுமார் 57.3 டிகிரி) சுழலும்போது டாப்பெட் எழும் வேகத்துக்குச் சமம். 21.4 மி.மீ. விட்டத்துக்கு ஆரம் 10.7 என்பதால், டிகிரிக்கு ஏறத்தாழ 0.187 மி.மீ. வரை எழுப்பலாம், 23 மி.மீ. என்றால் அது 0.2 ஆகிறது. விட்டம் கட்டுப்படுத்துவது எழும் வேகத்தை. எழும் உயரத்தை அன்று. உயரம் மட்டும் வேண்டுமென்றால், டாப்பெட்டின் அசைவைப் பெருக்கி வால்வுக்குத் தரும் நெம்புகோலான ராக்கரின் விகிதத்தைக் கூட்டினாலே போதும். அம்பாசடர் உற்பத்தியே 2014-இல் நின்றுவிட்ட நிலையில், நல்ல பிளாக்கைக் குடைவது எனக்குச் சம்மதமில்லை.

மன்னை அம்பாசடர்:
எனக்கு வேண்டியது அந்த வேகமேதான், ஐயா. வால்வு திறந்திருக்கும் காலத்தை நீட்டாமல் லிஃப்ட்டைக் கூட்ட வேண்டுமானால், வால்வு விரைவாக எழுந்து விரைவாக இறங்க வேண்டும். காலத்தை நீட்டினால் குறைந்த சுற்றில் இழுவை போய்விடும். அறுவடைக் காலத்தில் வைக்கோல் ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்து போகும் எங்கள் சாலைகளுக்கு அந்த இழுவைதான் உயிர். ராக்கர் விகிதத்தைக் கூட்டினால் வால்வு ஸ்பிரிங்கின் சுமையும் அதே விகிதத்தில் கேமின் மேல் ஏறும்.

குடந்தை லேத்:
குடைவதா வேண்டாமா என்பதை நீங்களே தீர்மானியுங்கள். குடைவதானால் துளையின் அச்சைப் பற்றிப் பேசியாக வேண்டும். ரீமரைக் (துளையைப் பெரிதாக்கும் கருவி) கையால் விட்டால், தேய்ந்து நீள்வட்டமாகிப்போன பழைய துளையின் சாய்விலேயே அது போகும். கேம் பேரிங் துளைகளை ஆதாரமாகக் கொண்ட ஜிக் (கருவியை நேராக வழிநடத்தும் சட்டம்) அமைத்து, கேமின் அச்சுக்குச் செங்குத்தாகக் குடைந்து, ஹோனிங் செய்து (உட்சுவரைத் தேய்த்து வழவழப்பாக்கி), 0.03 முதல் 0.05 மி.மீ. வரை இடைவெளி விட வேண்டும். எண்ணெய் தடவிய டாப்பெட் தன் எடையிலேயே மெல்ல இறங்கினால் வேலை சரி. டாப்பெட்டின் அடிமுகம் சற்றே குவிந்தும் கேமின் முகம் சற்றே சரிந்தும் இருப்பதால் டாப்பெட் சுழன்றுகொண்டே தேய்கிறது. துளை சாய்ந்தால் அந்தச் சுழற்சி நின்று, ஒரே இடம் குழியாகும். இந்த எஞ்சினில் பக்க மூடியைக் கழற்றி, டாப்பெட்டில் பெயிண்ட் பொட்டு வைத்து, ஸ்டார்ட்டரில் சுற்றிப் பார்த்தால் சுழல்கிறதா என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

ஐயாறன்:
ஜிக் அமைப்பதானால், அதே ஜிக்கில் குடைந்து, புஷ் (உள்ளே பொருத்தும் உலோகக் குழல்) அடித்துப் பழைய அளவுக்கே துளையைக் கொண்டுவரலாமே? அடிமுகம் மட்டும் அகன்ற காளான் வடிவ டாப்பெட்டும் உண்டு. அதைக் கீழிருந்துதான் ஏற்ற முடியும் என்பதால் கேம்ஷாஃப்ட்டை வெளியே எடுக்க வேண்டும், ஆனால் துளைச் சுவர் தப்பும்.

மன்னை அம்பாசடர்:
கேம் அடிப்பவரிடம் அதிகபட்ச எழும் வேகத்தை முதலில் கேட்டுப் பெறுகிறேன். அது இப்போதுள்ள டாப்பெட்டின் ஆரத்துக்குள் விளிம்பிலிருந்து தாராளமாக விலகி அடங்கினால், பிளாக்கைத் தொட மாட்டேன். அடங்காவிட்டால் குடைவேன்.

ஐயாறன்:
அடங்காவிட்டால் கேமின் வடிவத்தை மாற்றச் சொல்லுங்கள். கேம் இன்னொன்று செய்துகொள்ளலாம், பிளாக் கிடைக்காது.