உபுண்டு லேப்டாப் 30 விழுக்காட்டிலேயே அணைந்துவிடுகிறது: பேட்டரி போய்விட்டதா?

பிறை ஆசிரியை
வணக்கம். சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். இரண்டு மணி நேர வகுப்பு. மண்டபத்தில் உள்ள ஒரே பிளக்கைப் புரொஜெக்டர் எடுத்துக்கொள்கிறது. (நீட்டிப்பு வயர் போடச் சொல்லாதீர்கள்; பிள்ளைகள் ஓடும் இடம், நிர்வாகம் விடாது.) உபுண்டு 24.04 (லினக்ஸ்) போட்ட என் லேப்டாப், ஒன்றே முக்கால் மணி நேரம் ஆவதற்குள், 30 விழுக்காடு காட்டும்போதே பொசுக்கென்று அணைந்துவிடுகிறது. இலவச மென்பொருள் எதனாலாவது பேட்டரியைச் சரிசெய்ய முடியுமா?

ஆயர் ஈத்தாம்
முழுக்கக் காலியாகும்வரை ஓடவிட்டுப் பிறகு சார்ஜ் செய்யுங்கள் டீச்சர். வாரம் ஒரு முறை செய்தால் பேட்டரி புதிதாகிவிடும்.

தஞ்சோங் பூங்கா
அண்ணே, அது பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரி காலத்துப் பழக்கம். இப்போதைய லேப்டாப்களில் உள்ள லித்தியம்-அயன் பேட்டரியை அடிக்கடி அடிமட்டம்வரை இறக்கினால் தேய்மானம்தான் கூடும். ஒரே ஒரு முறை செய்வதில் மட்டும் பயன் உண்டு: விழுக்காட்டைக் கணிக்கும் மானி திருந்தும். பேட்டரி திருந்தாது.

டீச்சர், சார்ஜரைக் கழற்றிவிட்டு டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரம்) யூபவர் கட்டளையை (upower -d) ஓட்டுங்கள். பெயருக்குப் பின் இடைவெளி, சிறு கோடு, டி எழுத்து. புதிதாக எதையும் நிறுவ வேண்டாம். வடிவமைப்புக் கொள்ளளவு, இப்போதைய முழுக் கொள்ளளவு, மின்செலவு வேகம் மூன்றையும் எழுதுங்கள்.

பிறை ஆசிரியை
45 வாட்-மணி, 31.2 வாட்-மணி, 13 வாட். எந்தச் செயலியும் திறந்திருக்கவில்லை.

தஞ்சோங் பூங்கா
31.2-ஐ 45-ஆல் வகுத்தால் 69 விழுக்காடு. போன 31 விழுக்காட்டை எந்த மென்பொருளும் திருப்பித் தராது. தருவதாகச் சொல்லும் செயலியை நிறுவாதீர்கள். ஆனால் என்னை உறுத்துவது அந்த 13 வாட். 31.2 வாட்-மணி அந்த வேகத்தில் 2.4 மணி நேரம் வரும். கடைசி 30 விழுக்காடு கைக்கு எட்டாததால் ஒன்றே முக்கால் மணிக்குள் முடிந்துவிடுகிறது. உங்கள் வகுப்பில் நடப்பது இதேதான். சும்மா இருக்கும் லேப்டாப்புக்கு 13 வாட் அதிகம். தனி என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறதா?

பிறை ஆசிரியை
இருக்கிறது, ஜி.டி.எக்ஸ். 1650. என்விடியா அமைப்புகளில் பார்த்தேன். கார்டை எப்போதும் ஓடவிடும் செயல்திறன் முறையில் இருக்கிறது. நிறுவிக் கொடுத்தவர் அப்படி வைத்திருக்க வேண்டும். கார்டை அணைத்துவிடும் இன்டெல் முறைக்கு மாற்றிவிடட்டுமா?

செந்தூல்
பொறுங்கள் டீச்சர்! சில லேப்டாப்களில் எச்.டி.எம்.ஐ. துளை என்விடியா கார்டோடுதான் இணைந்திருக்கும். கார்டை அணைத்தால் புரொஜெக்டருக்குப் படமே போகாது. ‘தேவைப்படும்போது’ முறைக்கு மாற்றி, ஒரு முறை மறுதொடக்கம் செய்யுங்கள். 1650 டியூரிங் தலைமுறை என்பதால் வேலையில்லாதபோது தன்னைத்தானே அணைத்துக்கொள்ள முடியும். புரொஜெக்டர் செருகியிருக்கும்போது கார்டு விழித்திருக்கக்கூடும், அதனால் வகுப்பில் ஓடும்போதும் செலவைப் பாருங்கள்.

பவர்டாப்பும் நிறுவுங்கள், எது மின்சாரத்தைத் தின்கிறது என்று காட்டும். ஆனால் அதிலுள்ள தானியங்கிச் சரிசெய்தலைத் தொடாதீர்கள், யூ.எஸ்.பி. மவுஸ் அடிக்கடி தூங்கிப்போகும்.

பிறை ஆசிரியை
மாற்றினேன். 8 வாட். புரொஜெக்டருடன் 11. திரை வெளிச்சத்தைப் பாதியாக்கினால் 9.5. வீட்டில் எப்போதும் சார்ஜரிலேயே இருக்கிறது. 80 விழுக்காட்டில் நிறுத்த வழி உண்டா?

செந்தூல்
டி.எல்.பி. என்ற மின்சேமிப்பு மென்பொருள் அதற்கு உதவும், ஆனால் லேப்டாப் இடம் கொடுக்க வேண்டும். திங்க்பேடில் தொடக்கம், முடிவு இரண்டு வரம்பும் வைக்கலாம். பல ஆசுஸ் மாடல்களில் முடிவு வரம்பு மட்டும். சில லெனோவோக்களில் எண்ணைத் தேர்ந்தெடுக்க முடியாது, பாதுகாப்பு முறையை இயக்கலாம், நிறுத்தலாம், அவ்வளவுதான். டி.எல்.பி. போட்டால் உபுண்டுவின் சொந்த மின்முறைச் சேவையை நீக்கிவிடுங்கள். இரண்டும் ஒன்றையொன்று மறித்துக்கொள்ளும்.

நம் ஊர் வெப்பத்தில் இந்த வரம்பு வீண்போகாது. நிறைந்த பேட்டரியும் சூடும் சேர்ந்தால் தேய்மானம் வேகமாகும். வெயிலில் நிற்கும் காரில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

தஞ்சோங் பூங்கா
11 வாட் என்றால், மானியை ஒரு முறை சரிசெய்தபின் இரண்டு மணி நேரத்தைத் தாண்ட வேண்டும். அப்போதும் 30-இல் அணைந்தால் செல்கள் பலவீனமாகிவிட்டன, மாற்றத்தான் வேண்டும். லேப்டாப் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். பழைய பேட்டரியின் ஒட்டுத்தாளில் உள்ள பாக எண்ணைப் படமெடுத்துக்கொண்டு பினாங்கு கொம்தார் பக்கக் கடைகளில் விலை கேளுங்கள். பேட்டரி வீங்கி டச்பேட் மேலெழும்பி இருந்தால் மட்டும் எந்தச் சோதனையும் வேண்டாம், சார்ஜ் செய்வதை உடனே நிறுத்துங்கள்.

பிறை ஆசிரியை
டச்பேட் தட்டையாகத்தான் இருக்கிறது. சனிக்கிழமை வகுப்பில் ஓட்டிவிட்டு எண்களை எழுதுகிறேன்.