சந்திரமுகியில் கட்டிலைத் தூக்கியது யார்?

செவ்வந்தி:
பேய்ப் படத் திரியில் ஆர்ட் முருகு நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. மனநோய் முற்றினால் யானை பலம் வருமாம். கங்கா ஒரு கையால் கட்டிலைத் தூக்குவது மருத்துவப்படி சரியாம். நான் 19 வருடமாக மனநலப் பிரிவில் நர்ஸ். கட்டிலைத் தூக்கிய நோயாளி ஒருவரையும் பார்த்ததில்லை. பயத்தில் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆர்ட் முருகு:
சிஸ்டர், வெறி வந்தவரை நாலு பேர் சேர்ந்தாலும் அடக்க முடியாது. இது ஊருக்கே தெரியும். கட்டில் எம்மாத்திரம்? படத்தில் ரஜினி சார் மனநல டாக்டர். அவரே நோய் என்றுதான் விளக்குகிறார். 2005-இல் வந்த படத்துக்கு இப்போது எதற்குப் போஸ்ட்மார்ட்டம்?

செவ்வந்தி:
முன்பின் தெரியாத நாலு பேர் வந்து அமுக்கினால் நீங்களும்தான் திமிறுவீர்கள். அது பயம், பலம் இல்லை. நான் கேட்பது கட்டிலை. மரக்கட்டில், ஒரே கை. எப்படி?

மருத்துவ மாணவன்:
ஒரு சின்ன விளக்கம். படத்தில் சொல்லும் பிளவு ஆளுமை வேறு, சிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு வேறு. 1994-லேயே அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் பிளவு ஆளுமையின் பழைய பெயரை மாற்றிவிட்டது. முதலில் எந்த நோயைப் பற்றிப் பேசுகிறோம் என்று...

ஆர்ட் முருகு:
தம்பி, பாடம் அப்புறம். கட்டில் முடியட்டும்.

நாகவல்லி ரசிகன்:
மூலப் படத்தை விட்டுவிட்டு நகலைப் பேசுகிறீர்களே! 1993-இல் மலையாள மணிச்சித்ரதாழில் ஷோபனாவும் கட்டிலைத் தூக்கினார், தேசிய விருதும் வாங்கினார். கங்காவுக்குப் பாக்யலட்சுமி குரல், அவள் நாகவல்லியாக மாறும்போது துர்கா குரல். ஒரே உடம்புக்கு இரண்டு பேர் குரல் கொடுத்து அந்தப் பாத்திரத்தை உருவாக்கினார்கள். இங்கே கண்ணை உருட்டினதுதான் மிச்சம்.

மதுரை முத்து:
ஜோதிகாவைச் சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். சாந்தி தியேட்டரில் 800 நாளைத் தாண்டி ஓடிய படம் இது. ஓட வைத்தது அந்தக் கண்தான்.

நாகவல்லி ரசிகன்:
ஓடிய நாளை எண்ணித்தான் நடிப்பை அளப்பீர்களா? நீங்கள் சிவாஜி திரியிலும் இதே வேலையைத்தான் செய்தீர்கள்.

செவ்வந்தி:
இருவரும் தனித் திரி போட்டுக்கொள்ளுங்கள். முருகு சார், கட்டில்.

ஆர்ட் முருகு:
கட்டில் செய்தவனிடமே கேட்கிறீர்கள், சொல்கிறேன். ஒரு பேய்ப் படத்துக்கு நானே செய்தேன். உள்ளே தெர்மாகோல், மேலே மெல்லிய பிளைவுட், அதன் மேல் தேக்கு நிறத்தில் பெயிண்ட். சுவரில் ஓட்டை போட்டுப் பின்னால் நெம்புகோல். நடிகை கையை வைத்தால் போதும், பின்னால் நாங்கள் இரண்டு பேர் மிதிப்போம். கேமரா தரையோடு இருக்கும். கீழிருந்து ஒரு விளக்கு, அவ்வளவுதான். தியேட்டரே அலறியது. 22 வருட உழைப்பு, நர்ஸம்மா.

செவ்வந்தி:
ஆக, தூக்கியது நீங்கள்! அதை நோய் தூக்கியது என்று ஊருக்கு ஏன் சொல்கிறீர்கள்?

வார்டு காட்சிகளையும் சொல்லிவிடுகிறேன். துணை நடிகர்களை வரிசையாக உட்காரவைத்து, வாயில் எச்சில் ஒழுகு, தலையை ஆட்டு, இங்கும் அங்கும் நட என்று சொல்லிக்கொடுக்கிறீர்கள். எச்சிலும் கை நடுக்கமும் ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பும் பல பேருக்கு மாத்திரையால் வருவது. மருந்தின் பக்கவிளைவைப் பேயாக்கிவிட்டீர்கள். மயக்க மருந்து கொடுக்காமல் ஷாக் வைப்பதை 2017 மனநலச் சட்டம் தடை செய்துவிட்டது. உங்கள் படங்களில் இன்னும் கண்ணைத் திறந்துகொண்டு துடிக்கிறார்கள். என் வார்டில் ஒரு அம்மா இருந்தார். நாலு மணியானால் தலை வாரி, போர்வையை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, மகன் வருவான் என்று ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். அதை எடுங்களேன்.

ஆர்ட் முருகு:
போர்வை மடிப்பதை எடுத்தால் யார் டிக்கெட் வாங்குவார்கள்? போன வருடம் என் குறும்படத்துக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டதும் நீங்கள்தான். எனக்கு மறக்கவில்லை.

செவ்வந்தி:
இன்றைக்குக் கேட்டாலும் ஒற்றைதான். அதிலும் ஒரு பெண் பீரோவைத் தள்ளினாள். ஏர்வாடி ஞாபகம் இருக்கிறதா? 2001 ஆகஸ்ட் 6. மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. ஏன் கட்டினார்கள்? யானை பலம் வரும், யாரையாவது அடித்துவிடுவார் என்ற பயமும்தான் அந்தச் சங்கிலி. அதைத்தான் நீங்கள் கட்டிலில் காட்டுகிறீர்கள்.

ஆர்ட் முருகு:
ஏர்வாடி 2001, சந்திரமுகி 2005. படம் பார்த்தா கட்டினார்கள்? கணக்குக்கூடச் சரியாகப் போடத் தெரியவில்லை.

செவ்வந்தி:
28 பேர் செத்து நாலு வருடத்தில் அதே கட்டிலைத் தூக்கிக் காட்டினார்களே என்றுதான் வயிறு எரிகிறது.

பழைய ரீல்:
எனக்கு ஒரே சந்தேகம். கட்டில் நோய் என்றால் அந்தப் பாம்பு எதற்கு வருகிறது? பாம்புக்குமா பிளவு ஆளுமை?

மதுரை முத்து:
பாம்பைத் தொடாதீர்கள். அது குறியீடு.

மருத்துவ மாணவன்:
நான் சொல்ல வந்தது...

ஆர்ட் முருகு:
திங்கட்கிழமை வார்டு செட் போடுகிறேன், 20 துணை நடிகர்கள். இங்கே உட்கார்ந்து குறை சொல்லாமல் தைரியம் இருந்தால் நேரில் வந்து பாருங்கள் சிஸ்டர்.

செவ்வந்தி:
லீவு போட்டுவிட்டு வருகிறேன். அந்த செட்டில் கட்டில் இருக்கிறதா?

ஆர்ட் முருகு:
இருக்கிறது.

செவ்வந்தி:
யார் தூக்குகிறார்கள்?