புதுப்பிப்பு: புகை விஸ்கி வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கு

'வாங்கி வருந்திய பாட்டில்கள்' இழையில் பலர் கேட்டது: ஸ்காட்லாந்தின் ஐலா தீவு விஸ்கியில் ஆஸ்பத்திரி வாடை, கெட்டுப்போனதா? இல்லை. முளைகட்டிய பார்லியை பீட் (சதுப்பு நிலத்தில் தாவரங்கள் மக்கி உருவான எரிபொருள்) புகையில் உலர்த்துவதால், அந்த வாடை தரும் ஃபீனால் என்ற வேதிப்பொருள்கள் ஒட்டிக்கொள்கின்றன. ஐலா பிராண்டுகளான லாஃப்ரோய்க், ஆர்ட்பெக் இரண்டுக்கும் அதுதான் அடையாளமே. அந்த வாடைக்காகவே தேடி வாங்குபவர்களும் உண்டு.

கொஞ்சம் தண்ணீர் விட்டால் அடங்கும் என்று நம்ப வேண்டாம். புகை வாடை தரும் ஃபீனால்களில் ஒன்றான குவையாக்கால் மேற்பரப்புக்கு ஏறி, புகை இன்னும் தூக்கலாகத் தெரியும். மாறாக, புகையில்லாத சாதாரண பிளெண்டட் (பல விஸ்கிகள் கலந்த) ஸ்காட்ச் 50 மி.லி.க்கு இதில் 5 மி.லி. கலந்து பாருங்கள். 10 மி.லி. போனால் பழைய கதைதான்.

திறந்த பாட்டிலில் பாதி காலியானால் சில மாதங்களில் புகை தானே தணியும். நிமிர்த்தியே வையுங்கள், படுக்க வைத்தால் சாராயம் கார்க்கை அரித்துவிடும்.

அடுத்த முறை முதலில் பாரில் 30 மி.லி. மட்டும்.