கடையில 'ங்க' போடறது எப்படி: புதுசா வெளிநாடு வந்த கொங்குக்காரங்களுக்கு

கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கமிருந்து புதுசா வந்தவங்க திரும்பத் திரும்பக் கேக்கறது இதுதான்: "மரியாதையாத்தானுங்க கேட்டேன், பில் போடறவங்க மூஞ்சி ஏன் சுருங்குச்சு?"

காரணம் பேச்சுலயே இருக்கு. நம்ம மரியாதை வினைச்சொல்லோட வால்ல ஒட்டிட்டு வரும். "ஒரு பை குடுங்க"ன்னாலே போதும், அதுக்கு மேல 'தயவுசெய்து' சேத்தா பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு மாதிரி ஆயிடும். அதையே "கிவ் மீ எ பேக்"னு மாத்தினா, 'ங்க' வழியிலயே உதிர்ந்துடுது. அவங்க காதுல விழறது "பை குடு". அதனால "குட் ஐ ஹேவ் எ பேக், ப்ளீஸ்?"னு கேள்வியாக் கேளுங்க. கைக்கு வந்ததும் "தேங்க்ஸ்". நம்ம ஊரு மளிகைக் கடை அண்ணனுக்கு நன்றி சொன்னா அவருக்கே கூச்சமா இருக்கும். அங்கே சொல்லாம வந்தாத்தான் குறை. ப்ளீஸ், தேங்க்ஸ் ரெண்டும்தான் அந்த ஊரு 'ங்க'.

"ஏனுங்க" இருக்கற இடத்துல "எக்ஸ்கியூஸ் மீ". யாராவது அலமாரி முன்னால நின்னு பாத்துட்டிருந்தா, அவங்க கைக்குக் குறுக்க நீட்டி எடுக்காதீங்க. ரெண்டடி தள்ளி நின்னு அதைச் சொன்னா நகந்து வழி விடுவாங்க. இங்கிலாந்துல இடிச்சவரும் "சாரி" சொல்வார், இடி வாங்கினவரும் சொல்வார். நீங்களும் சொல்லிடுங்க.

இன்னொரு குழப்பம். இங்கிலாந்துல கடைக்காரர் "யூ ஆல்ரைட்?"னு கேட்டா உங்களுக்கு உடம்பு சரியில்லாத மாதிரி தெரியுதுன்னு அர்த்தமில்ல. "வாங்க, என்ன வேணும்?"னு கேக்கறார், அவ்வளவுதான். அமெரிக்காவுல "ஹவ் ஆர் யூ?"வும் வணக்கம்தான். "குட், தேங்க்ஸ், ஹவ் ஆர் யூ?"ன்னு திருப்பிக் கேட்டுட்டு நகருங்க. முழங்கால் வலியெல்லாம் அங்கே சொல்லக்கூடாது. முன்பின் தெரியாதவங்களை அங்கிள், ஆன்ட்டினு கூப்பிடறதும் ஒத்துவராது. சிங்கப்பூர், மலேசியா விதிவிலக்கு, அங்கே அது சாதாரணப் பேச்சு.

இனி காய்கறி. இதுலதான் நம்ம கை சும்மா இருக்காது. உழவர் சந்தைல வெண்டைக்காய் நுனியை ஒடிச்சுப் பாப்போம், சொரைக்காய்ல நகம் பதிப்போம், திராட்சைல ஒண்ணு வாயில போடுவோம். அங்கே ஒடிச்ச காயை அடுத்தவங்க எடுக்க மாட்டாங்க, அது கருத்துப் போய்க் குப்பைக்குத்தான் போகும். காசு குடுக்காத திராட்சையைத் தின்னா திருட்டுனுதான் பாப்பாங்க.

ஒடிக்காமயே பிஞ்சு பாக்கலாம். வெண்டைக்காய் உங்க நடுவிரல் நீளத்துக்குள்ள இருக்கட்டும். வரப்புல கருப்புக் கோடு இருக்கக்கூடாது. மேல மெல்லிசா சொணை தெரியணும். காம்பு வெட்டின இடம் காஞ்சு சுருங்கியிருந்தா பறிச்சு நாளாச்சுனு அர்த்தம். சந்தேகம்னா முழுக்காயை ரெண்டு விரல்ல லேசா வளைங்க. பிஞ்சு கொஞ்சம் வளையும், முத்தினது கட்டையா நிக்கும். தேங்காயைக் காதுகிட்ட வெச்சு ஆட்டறதுல தப்பே இல்ல. மூணு கண்ணுல எதுலயாவது ஈரமோ பூசணமோ தெரிஞ்சா வெச்சுடுங்க, பொள்ளாச்சில பாக்கற அதே கணக்குதான். இத்தாலி சூப்பர் மார்க்கெட்டுல காய் பக்கத்துலயே மெல்லிசு கையுறை தொங்கும், அதைப் போடாம தொட்டா மத்தவங்களே சொல்லிடுவாங்க. அங்கத்தித் தெருச் சந்தைல காயைக் கடைக்காரர்தான் எடுத்துத் தருவார், நாம விரல் நீட்டிக் காட்டினாப் போதும்.

கொசுறு கிடையாது. கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் தனி விலை. பேரம் வேண்டாம். தேதி முடியற சாமானுக்கு ஊழியர் விலை குறைச்சு ஸ்டிக்கர் ஒட்டுவார், ஒட்டி அலமாரில வெக்கற வரைக்கும் பொறுங்க, கையிலிருந்து வாங்காதீங்க. எடுத்த குளிர்ப்பெட்டிச் சாமான் வேண்டாம்னு தோணினா பிஸ்கட் அலமாரில சொருகாதீங்க. குளிர் விட்டுப்போனா அவங்க அதை வீசித்தான் ஆகணும். பில் போடறவர்கிட்ட "ஐ டோன்ட் நீட் திஸ், சாரி"னு குடுத்தா வாங்கி வெச்சுக்குவார். ஊறுகாய் பாட்டில் கைதவறி உடைஞ்சாலும் அப்படியே நடந்துடாதீங்க. கண்ணாடி கிடக்கு, ஆளைக் கூப்பிட்டுச் சொல்லுங்க. பெரும்பாலும் காசு கேக்க மாட்டாங்க.

வரிசைல முன்னால இருக்கறவருக்கு ஒரு கை நீளம் விட்டு நில்லுங்க. கூடையை மட்டும் வெச்சு இடம் புடிக்கறது, ஒருத்தர் நிக்க இன்னொருத்தர் சாமான் பொறுக்கிட்டு வர்றது ரெண்டும் எரிச்சலைக் கிளப்பும். உங்க ட்ராலி ரொம்பி, பின்னால ஒருத்தர் ஒரு பால் பாக்கெட்டோட நின்னா, "ப்ளீஸ் கோ அஹெட்"னு முன்னால விடுங்க. நமக்கு நல்ல பேரு அங்கேதான் கிடைக்குது.

தானே பில் போடற மெஷின்ல பை வெக்கற தட்டே ஒரு தராசு. 'சொந்தப் பை'ங்கற பொத்தானை அமுக்காம பையை வெச்சா மெஷின் நின்னு மேல விளக்கு எரியும். பதற வேண்டாம், உங்களை யாரும் சந்தேகப்படலை, ஊழியர் வந்து ஒரு தட்டுத் தட்டிட்டுப் போவார். தனிக்காயைத் திரையில சரியான பேருல எடுங்க. வெலை கம்மியான காய் பேரை அமுக்கினா கைதவறிப் பட்டுச்சுனு யாரும் விட மாட்டாங்க, போலீஸ் வரைக்கும் போகும், விசாவுக்கும் பாதிப்பு வரலாம். ரசீதைக் கடை தாண்டற வரைக்கும் கையில வெச்சிருங்க, சில கடைல வெளிய போற கதவு அதைக் காட்டினாத்தான் திறக்கும்.

பை வீட்டிலிருந்தே எடுத்துட்டுப் போங்க. இங்கிலாந்துல 2021ல இருந்து கேரி பேக் ஒண்ணுக்குக் குறைஞ்சது 10 பென்ஸ், சிங்கப்பூர்ல 2023 ஜூலைல இருந்து பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள்ல குறைஞ்சது 5 செண்ட்.

ஜெர்மனிக்கு வந்தவங்களுக்கு ஒரு சேர்ப்புங்க:

மேல சொன்னதோட இன்னும் நாலு விஷயம். ட்ராலியைப் பூட்டிலிருந்து எடுக்க 50 செண்ட் இல்லைன்னா 1 யூரோ நாணயம் பையிலயே இருக்கட்டும், ட்ராலியைத் திருப்பி விட்டா அது திரும்பக் கிடைக்கும். திருப்பி விடப் போறப்ப யாராவது ஒரு நாணயத்தை நீட்டி உங்க ட்ராலியைக் கேட்டா, வாங்கிட்டுக் குடுத்துடுங்க, ரெண்டு பேருக்கும் நடை மிச்சம்.

பெல்ட்டுல சாமான் வெச்சு முடிச்சதும், ஓரத்துல இருக்கற நீளக் கட்டையை எடுத்து உங்க சாமானுக்குப் பின்னால வைங்க. பின்னால நிக்கறவங்களுக்கு அது "இடம் விட்டிருக்கேன் வாங்க"ன்னு சொல்ற மாதிரி. கனமானது முதல்ல: அரிசி, உருளைக்கிழங்கு, பால். முட்டை, ரொட்டி, தக்காளி கடைசி. எண்ணெய் பாட்டிலை நிறுத்தாதீங்க, பெல்ட் குலுங்கறப்ப சாயும். குறுக்க படுக்கவெச்சா உருளும். பெல்ட் ஓடற திசைக்கே நீளவாக்குல படுக்க வைங்க.

பில் போடறவர் வேகத்தைப் பாத்துக் கோபம்னு நினைக்காதீங்க, எல்லார்கிட்டயும் அதே வேகம்தான். அங்கேயே பைல அடுக்காம எல்லாத்தையும் ட்ராலிலயே தள்ளிட்டு, பின்னால இருக்கற பலகைக்குப் போய் நிதானமா அடுக்குங்க. வந்ததும் "ஹலோ", போறப்ப "ட்சூஸ்". காசைக் கையில குடுக்காம சின்னத் தட்டுல வெப்பாங்க, சில்லறையும் அதுலயே வரும், அதுல அவமரியாதை எதுவும் இல்ல. ஞாயித்துக்கிழமை கடை மூடியிருக்கும், சனிக்கிழமை சாயந்திரம் கூட்டம் நெரியும்.

கேனுக்கும், ஒரு தடவை மட்டும் பயன்படுத்தற பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் 25 செண்ட் முன்பணம் இருக்கு, காலியானதைக் கடை மெஷின்ல போட்டா திரும்பக் கிடைக்கும். பாட்டில் மேல இருக்கற குறியை அந்த மெஷின் படிக்கணும், அதனால நசுக்காதீங்க. ரெண்டு மூட்டை பாட்டிலோட நிக்கறப்ப ஒத்தப் பாட்டில்காரர் வந்தா முன்னால விடுங்க. மெஷின்ல வர்ற சீட்டைப் பில் போடறவர்கிட்டப் பணம் கட்டறதுக்கு முன்னால குடுங்க.

தமிழ்க் கடைக்குப் போறவங்களுக்கு:

லண்டன், டொரண்டோ, பாரிஸ்ல கடைக்காரர் பெரும்பாலும் ஈழத்துக்காரரா இருப்பார். மரக்கறின்னா காய்கறி, உள்ளின்னா பூண்டு, தேசிக்காய்னா எலுமிச்சை, கச்சான்னா நம்ம கடலைக்காய், பாண்னா ரொட்டி. அவங்க பேச்சை நடிச்சுக் காட்டாதீங்க. "எப்ப வந்தீங்க, எப்படி வந்தீங்க"ன்னு நீங்களா ஆரம்பிக்காதீங்க, அந்தக் கேள்விக்குப் பின்னால அவங்க இழந்தவங்க இருக்கலாம்.

அரிசிப் பருப்புப் பொட்டலம் பக்கத்துல நம்ம பேச்சு கேட்டா "எந்த ஊருங்க?"னு கேக்கறது சந்தோஷம்தான். அதோட நிறுத்துங்க. "எந்தக் கூட்டமுங்க?"னு அடுத்த கேள்வி வேண்டவே வேண்டாம். அது குலம், ஜாதி கேக்கறதுதான், கேட்டவருக்குச் சாதாரணமாத் தெரிஞ்சாலும் பதில் சொல்ல நிக்கறவருக்குக் கூசிப்போகும். சம்பளம், விசா, வாடகையும் முதல் சந்திப்புல வேண்டாம்.

ஊருலயிருந்து அப்பாரும் ஆத்தாளும் வந்தா, கடைக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முந்தின நாளே ஒண்ணு சொல்லி வைங்க: ட்ராலில உக்காந்திருக்கற குழந்தையைப் பாத்து "கண்ணு"ன்னு கன்னத்தைக் கிள்ளக்கூடாது. சிரிச்சுக் கையாட்டினாப் போதும், குழந்தையும் ஆட்டும், பெத்தவங்களும் சிரிப்பாங்க. போட்டோ எடுக்கக்கூடாது. வீடியோ கால்ல ஊருக்கு அலமாரியைக் காட்டறப்பவும் மத்தவங்க மூஞ்சி விழாம பிடிங்க, ஸ்பீக்கரை அமுத்திட்டு இயர்போன் போட்டுக்குங்க.