பெயரை மட்டும் மறைத்த செய்திகள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கெடிலக்கரை:

எங்கள் பக்கம் ராத்திரி இட்லிக் கடை போடுகிறவர் ஒருவர். அவர் மகளுக்கு என்ன நடந்தது என்பது இங்கே வேண்டாம், வழக்கு போய்க்கொண்டிருக்கிறது. நான் சொல்ல வந்தது மறுநாள் ஒரு செய்தித் தளத்தில் வந்ததைப் பற்றி.

பெயரைப் போடவில்லை. ‘பெயர் மாற்றப்பட்டுள்ளது’ என்று போட்டு வேறு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் வயது, படிக்கிற வகுப்பு, பள்ளிக்கூடம் எந்த பஸ் ஸ்டாப் பக்கம், அப்பா என்ன கடை போடுகிறார், எந்தக் கோயிலுக்கு எதிரே போடுகிறார், அம்மா எங்கே வேலைக்குப் போகிறார், எல்லாம் இருந்தது. கடலூர்க்காரனுக்கு இதற்குமேல் விலாசம் எதற்கு?

அன்றைக்கும் அவர் கடை போட்டார். போடாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள் என நினைத்திருப்பார். நான் பார்சலுக்கு நின்றிருந்தேன். ஒரு பையன், இருபது இருபத்திரண்டு வயது இருக்கும், சாப்பிட்டுக்கொண்டே போனைப் பார்த்தான். நிமிர்ந்து கோயிலைப் பார்த்தான். அப்புறம் அவரைப் பார்த்தான். திரும்பவும் போனைப் பார்த்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. பாதி சாப்பிட்ட தட்டைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு நூறு ரூபாய் நோட்டை வைத்துவிட்டு, மீதி வாங்காமல் போய்விட்டான். அவனைக் குறை சொல்லவில்லை, அவனுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆனால் அந்த மனிதர் அந்த நோட்டைத் தொடவே இல்லை. பானை மூடி ஆவியில் தடதடவென்று ஆடிக்கொண்டே இருந்தது, அடுப்பைக் குறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாளிலிருந்து கடை இல்லை. எட்டு மாதம் ஆகிறது. தேடினால் அந்தச் செய்தி இன்றைக்கும் வருகிறது. இப்படி வேறு யாருக்காவது நடந்திருக்கிறதா?

கரும்பலகை:

நான் வில்லியனூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். எங்கள் பள்ளியில் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்த வீடியோ ஒன்று வெளியே போனது. கழுவ வைத்தது தப்பு, அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. அதை வெளியே கொண்டுவந்தவருக்கு நன்றிகூடச் சொல்வேன்.

சேனலில் முகங்களை மங்கலாக்கித்தான் போட்டார்கள். ஆனால் ஒரு பையனின் புத்தகப்பை மங்கவில்லை. கிழிந்த இடத்தில் அவன் அம்மா பச்சைத் துணியில் ஒட்டுப் போட்டுத் தைத்திருந்தார். அந்தப் பச்சையை வைத்து ஊரே அவன்தான் என்று சொல்லிவிட்டது. ஸ்கூல் டெம்போவில் ஏறினாலே பிள்ளைகள் ஒரு பேர் வைத்துக் கூப்பிட்டார்கள். அந்தப் பேரை நான் எழுத மாட்டேன்.

ஒரு வாரம் கழித்து அவன் புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு வகுப்புக்குள் வந்தான். பை தோளில் காலியாகத் தொங்கியது. ஒட்டுத்துணியை பிளேடால் தையல் தையலாகப் பிரித்து எடுத்திருந்தான், ஓட்டை வழியாக எல்லாம் விழுந்துவிடுகிறது. ஏன்டா இப்படிப் பண்ணினாய் என்று கேட்டேன். “அம்மாகிட்ட சொல்லாதீங்க மிஸ், அது அவங்க புடவை” என்றான்.

தலைமையாசிரியருக்கு மெமோ வந்தது, பதில் போனது, முடிந்தது. பையனைப் பற்றி அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

முன்னாள் நிருபர்:

இரண்டு பதிவையும் படித்தேன். திட்டு எல்லாம் நிருபர் தலையில் விழுகிறது, அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி மூன்றுக்கும் நான் ஒரே ஆள். மாதச் சம்பளம் கிடையாது, செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு. தெருப் பெயர் இல்லாமல் அனுப்பினால், செய்தியைத் திருத்திப் போடுகிற டெஸ்க்கிலிருந்து போன் வரும்: “ஏரியா பேரே இல்லையே, லோக்கல்ல யார் கிளிக் பண்ணுவா?” சில நேரம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வருகிற குறிப்பிலேயே பெற்றோர் பெயர் வரைக்கும் இருக்கும். அதை அடித்துவிட்டு அனுப்புவது என் வேலை என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கிற போக்சோ சட்டம் 2012-லேயே வந்துவிட்டது. அதன் 23-ஆம் பிரிவை நான் படித்தது வேலையை விட்ட பிறகு. பெயர் மட்டும் இல்லை, முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கிற பகுதி, அடையாளம் காட்டிக்கொடுக்கிற வேறு எதுவும் கூடாது என்று பட்டியல் போட்டே இருக்கிறது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மாட்டுவது எழுதியவன் மட்டும் இல்லை, வெளியிட்ட நிறுவனத்தின் முதலாளியும் சேர்ந்து பொறுப்பு.

என் கதை போக்சோ இல்லை, குழந்தைத் திருமணம். மீனவக் கிராமம், பெண்ணுக்குப் பதினைந்து வயது. அதிகாரிகள் போய் நிறுத்திவிட்டார்கள். நான் பத்திரிகையை, கல்யாணப் பத்திரிகையைச் சொல்கிறேன், கையில் பிடித்துப் படம் எடுத்தேன். பெண்ணின் பெயர் தெரியக் கூடாது என்று அதன் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்தேன். மாப்பிள்ளை பெயர், கோயில், தேதி எல்லாம் விரலுக்கு வெளியே இருந்தது. அதைவிட மோசமாக, செய்தியில் ஒரு வரி எழுதினேன்: ‘சிறுமியே குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைத்துத் தகவல் தெரிவித்தார்.’ அவள் தைரியத்தைப் பாராட்டுகிறேன் என்று நினைத்துத்தான் எழுதினேன். அவள்தான் கூப்பிட்டாள் என்பது அதுவரை அவள் வீட்டுக்கே தெரியாது.

ஆறேழு மாதம் கழித்து கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் என் முன்னால் வந்து நின்றாள். “அண்ணா, விரல் வச்சு மறைச்சது நீங்கதானே?” என்றாள். ஆமாம் என்றேன். என் கட்டைவிரலையே கொஞ்ச நேரம் பார்த்தாள். சிதம்பரம் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். அலுவலகத்தில் சொல்லி அந்த வரியை எடுக்க வைத்தேன். அதற்குள் நான்கு தளங்களில் அப்படியே நகல் எடுத்துப் போட்டிருந்தார்கள்.

லாஸ்பேட்டை:

நிருபர் அண்ணா, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் “யாரும் சொல்லித் தரவில்லை” என்பதை என்னால் ஏற்க முடியாது. ஓட்டுநர் வேலைக்குப் போகிறவர் லைசென்ஸ் எடுக்கிறார் இல்லையா? ஒரு குழந்தையைப் பற்றி ஊருக்குச் சொல்ல வருகிறவர் அந்த ஒரு பிரிவைப் படித்துவிட்டு வரக் கூடாதா?

இன்னொரு பக்கமும் எனக்கு மனசுக்குள் இருக்கிறது. 2024 மார்ச்சில் புதுச்சேரியில் ஒன்பது வயதுக் குழந்தையைக் கொன்றார்களே, அப்போது நானும் தெருவில் நின்றேன். ஊரே நின்றது, முழு அடைப்பு நடந்தது. அந்தக் குழந்தையின் பெயரைச் சொல்லித்தான் நியாயம் கேட்டோம். நானும் அந்தப் படத்தை ஸ்டேட்டஸில் வைத்தேன். அதைத் தப்பு என்று யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். இறந்த குழந்தையாக இருந்தாலும் பெயரை வெளியிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது என்பது அப்புறம்தான் தெரிந்தது. பெயரைச் சொல்லாமலும் அத்தனை பேர் தெருவுக்கு வந்திருப்போமா? வந்திருப்போம் என்றுதான் இப்போது நம்புகிறேன்.

அன்று என் மகளுக்கும் ஒன்பது வயது. எங்கே திரும்பினாலும் அந்தப் படத்தோடு பேனர். ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்தபடி கேட்டாள்: “அம்மா, எனக்கு ஏதாவது ஆச்சுன்னா எந்த போட்டோவ போடுவீங்க?” வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் ஸ்டேட்டஸை எடுத்தேன். அவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

முதுநகர் அம்மா:

எல்லோரும் பெயரைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குப் படம்தான்.

2025 ஜூலை 8, செம்மங்குப்பம் கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் போனார்களே, அன்றைக்குக் காலையில் என் பையன் வேனில் போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. எந்த வேன், எந்தப் பள்ளி என்று தெரிவதற்கு முன்னாலேயே வாட்ஸ்அப்பில் படம் வந்துவிட்டது. தண்டவாளத்தின் ஓரம் ஒரு பிள்ளை கிடக்கிற படம். கீழே ஏதோ ஒரு சேனலின் லோகோ. நான் பள்ளிக்குப் போன் போடவில்லை, டிரைவருக்குப் போடவில்லை. அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கி, சாக்ஸ் என்ன நிறம் என்று பார்த்தேன்.

எங்கள் பிள்ளை இல்லை. ‘அப்பாடா’ என்று வாய்விட்டுச் சொன்னேன். அது வேறு ஒரு தாயின் பிள்ளை என்பது அடுத்த நொடியில்தான் உறைத்தது. அந்த ‘அப்பாடா’வை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. அந்தத் தாயும் என்னைப் போல ஏதோ ஒரு குரூப்பில் பெரிதாக்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாளா?

அப்புறம் நாள் முழுக்க கேட் கீப்பர் தப்பா, வேன் டிரைவர் தப்பா, கேட் திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்று விவாதம். அது தேவையான கேள்விதான். ஆனால் அதற்குப் பக்கத்தில் ஏன் பிள்ளைகளின் படம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்?

உப்பங்காற்று:

நான் தேவனாம்பட்டினம். சுனாமியில் அம்மா போனபோது எனக்கு ஏழு வயது. மேலுக்குச் சட்டை இல்லாமல், யாரோ ஒரு பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நான் வாயைத் திறந்து அழுகிற படம் ஒன்று இருக்கிறது. அப்போது பேப்பரில் வந்தது. இப்போது வருடா வருடம் டிசம்பர் 26 வந்தால் ‘மறக்க முடியுமா’ என்று ஏதாவது ஒரு தளம் போடுகிறது. 2024-இல் இருபதாவது வருடம் என்பதால் நிறையப் போட்டார்கள்.

போன வருடம் பெண் பார்க்கப் போனோம். காபி குடித்துக்கொண்டிருக்கும்போது பெண்ணின் மாமா போனை நீட்டி, “தம்பி, இது நீங்கதானாமே?” என்று கேட்டார். அன்போடுதான் கேட்டார். அந்தப் படம் ஒவ்வொரு கையாக மாறி அடுக்களை வரைக்கும் போய்விட்டு வந்தது. பெண்ணை நான் சரியாகப் பார்க்கவே இல்லை.

நான் அழுதது உண்மை. அதை எப்போது, யாரிடம் சொல்வது என்பதை நான் முடிவு செய்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

மஞ்சக்குப்பம் குமாஸ்தா:

வக்கீல் ஆபீஸில் இருபது வருடமாக இருக்கிறேன். ஒரு தாத்தா பேத்தியைப் பற்றிய செய்தியை பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து, “இதைக் கிழித்துவிட்டால் போதுமா தம்பி?” என்று கேட்டார். என் கதை அவ்வளவுதான். ஆனால் என்ன செய்யலாம் என்று இங்கே ஒருவர்கூட எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில், கோபத்தில் லிங்க்கை யாருக்கும் அனுப்பாதீர்கள். ‘பாருங்கள், எப்படிப் போட்டிருக்கிறார்கள்’ என்று அனுப்பும் ஒவ்வொரு முறையும் நாமும் அதைப் பரப்புகிறோம். முழுப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், முகவரியும் தேதியும் நேரமும் தெரிய வேண்டும். செய்தியை நீக்கிய பிறகு அதுதான் சாட்சி. அப்புறம் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி இணையச் செய்தி நிறுவனம் அப்படி ஒருவரை வைத்திருக்க வேண்டும், 15 நாளுக்குள் புகாரின் மேல் முடிவு சொல்ல வேண்டும். யூடியூப் என்றால் வீடியோவின் கீழேயே புகார் செய்கிற வசதி இருக்கிறது. பிரஸ் கவுன்சிலுக்கு எழுதலாமா என்று பலர் கேட்பார்கள். அது அச்சுப் பத்திரிகைகளுக்கும் செய்தி ஏஜென்சிகளுக்கும்தான், டிவி சேனலுக்கோ யூடியூப் சேனலுக்கோ செல்லாது.

பாலியல் வழக்கு என்றால் போக்சோ 23, நிருபர் சொன்னது சரி. மற்றபடி குழந்தைத் திருமணம், வீட்டைவிட்டு ஓடிவந்த பிள்ளை, குற்ற வழக்கில் சிக்கிய சிறுவன், சாட்சி சொல்லும் பிள்ளை, இவர்கள் எல்லோருக்கும் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவு உண்டு. ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நிருபர் சார் எழுதிய செய்தியும் இதில் வரும், வருத்தத்தோடுதான் சொல்கிறேன். மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் மனு கொடுங்கள், போலீஸிலும் கொடுங்கள், இரண்டுக்கும் ரசீது வாங்காமல் வராதீர்கள். செய்தியை நீக்கிய பிறகும் கூகுளில் தலைப்பு கொஞ்ச நாள் தெரியும், அதை எடுக்கச் சொல்லத் தனிப் படிவம் இருக்கிறது. நகல் எடுத்த தளம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனாலும் நடக்கும்.

கடைசியாகக் கெடிலக்கரை அவர்களுக்கு. எட்டு மாதம் சும்மா இருந்திருக்கக் கூடாது. இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். கடலூர், இட்லிக் கடை, கோயில் எதிரே என்று நீங்களே இங்கே எழுதிவிட்டீர்களே, அது என்ன நியாயம்?

கெடிலக்கரை:

குமாஸ்தா சார், நான் வழி கேட்டு இதை ஆரம்பிக்கவில்லை. இருந்தாலும் நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்துக் குறித்துக்கொண்டேன். நாளைக்கு அந்த வீட்டு அம்மாவிடம் கேட்கப் போகிறேன். அவர் சரி என்றால்தான் மனு.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அது இட்லிக் கடை இல்லை. கோயிலும் இல்லை. பிள்ளைகூட மகளா மகனா என்பதை நான் சொல்லப் போவதில்லை. எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதினேன். அதற்கு எனக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. அந்தப் பையன் தட்டைக் கீழே வைத்ததும், அந்த நூறு ரூபாயை அவர் தொடாததும் மட்டும் நடந்தது நடந்தபடி.