என்பிபி 3.3: 16 புராசஸ் கேட்டால் 1 என்கிறது

நோட்16:
என்பிபி (நாசாவின் இணைக்கணினி வேகச் சோதனைத் தொகுப்பு) 3.3, எம்பிஐ (புராசஸ்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறும் நூலகம்) பதிப்பு, அதில் சிஜி சோதனை, கிளாஸ் சி அளவு, 16 புராசஸ். ஜிஃபோர்ட்ரான் (ஃபோர்ட்ரான் கம்பைலர்) 8 இருக்கும் பழைய கிளஸ்டரில் சிக்கலே இல்லை. புதியதில் ஜிஃபோர்ட்ரான் 12. எம்பிஐ அழைப்பு வரிகளில் ஆர்கியுமென்ட் மிஸ்மேட்ச் எரர், கூடவே ராண்ட்ஐ8 கோப்பில் ஹெக்ஸ் எண்ணுக்கு ஒரு எரர். -எஸ்டிடி=லெகசி போட்டதும் கம்பைல் ஆகிவிட்டது. ஆனால் ஓட்டினால், 16க்குக் கம்பைல் ஆனது, கிடைத்தது 1 என்ற செய்தி 16 தடவை வந்து நின்றுவிடுகிறது. ஃபிளாக்தான் காரணமா?

பழையகம்பைலர்:
இல்லை, இரண்டும் வேறு வேறு பிரச்சினை. எம்பிஐஎஃப்.எச் என்ற ஹெடர் கோப்பில் சென்ட், ரிசீவுக்கு இன்டர்ஃபேஸ் (எந்த வகை ஆர்கியுமென்ட் வரவேண்டும் என்ற விவரம்) கிடையாது. ஒரே கோப்பில் ஓரிடத்தில் தனி மாறியும் இன்னோரிடத்தில் அரேயும் போனால், ஜிஃபோர்ட்ரான் 10 முதல் அதை எரராகவே எடுத்துக்கொள்ளும். -எஃப்அலவ்-ஆர்கியுமென்ட்-மிஸ்மேட்ச் மட்டும் போதும். ஹெக்ஸ் எண்ணுக்கு முன்னால் இருக்கும் எக்ஸை இசட் ஆக்குங்கள், ஸ்டாண்டர்டில் இருப்பது அதுதான். லெகசி ஃபிளாக் கண்டதையெல்லாம் விட்டுவிடும், எனக்கு அதில் உடன்பாடில்லை. மாற்றியபின் மேக் கிளீன் அவசியம், இல்லாவிட்டால் காமன் ஃபோல்டரில் பழைய ஆப்ஜெக்ட் தங்கிவிடும். வெரிகிளீன் மட்டும் போட்டுவிடாதீர்கள், அது மேக்.டெஃப் என்ற கம்பைல் அமைப்புக் கோப்பையும் சேர்த்து அழிக்கும்.

கணுவாசி:
ரேங்க் 0 (முதல் எண்ணுள்ள புராசஸ்) மட்டும் அச்சிட வேண்டிய செய்தி 16 தடவை வருகிறது என்றால், ஒவ்வொரு புராசஸும் தன்னை ரேங்க் 0 என்று நினைக்கிறது. பின் ஃபோல்டரில் உள்ள சிஜி.சி.16 மீது எல்டிடி (நிரல் எந்த நூலகங்களோடு இணைகிறது என்று காட்டும் கட்டளை) ஓட்டுங்கள். லிப்எம்பிஐ.எஸ்ஓ.40 என்றால் ஓபன்எம்பிஐ 3, 4 அல்லது 5. புதிய கிளஸ்டரில் .12 வந்தால் பெரும்பாலும் எம்பிச் அல்லது இன்டெல் எம்பிஐ. பிறகு எந்த எம்பிஐரன் (நிரலைத் துவக்கும் கட்டளை) ஓடுகிறது என்று விச் எம்பிஐரன் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே எம்பிஐ குடும்பமாக இல்லாவிட்டால் இதேதான் நடக்கும். லிப்எம்பிஐ வரியே இல்லையா? மேக்.டெஃப்பில் மேக்.டம்மியை இன்க்ளூட் செய்யும் வரி திறந்திருக்கும். அது ஒற்றைப் புராசஸுக்கான போலி எம்பிஐ.

யாரோ டார் கட்டித் தந்த பிரதியென்றால் உள்ளே எம்பிஐஎஃப்.எச் கிடக்கிறதா என்றும் தேடுங்கள், இருந்தால் தூக்குங்கள். காம்_வேர்ல்டின் (எல்லாப் புராசஸும் அடங்கிய கம்யூனிகேட்டரின்) மதிப்பு ஃபோர்ட்ரானில் எம்பிச்சுக்கு 1140850688, ஓபன்எம்பிஐக்கு 0. கலந்தால் தவறான கம்யூனிகேட்டர் என்று விழும்.

நோட்16:
எல்டிடியில் .12, எம்பிஐரன் ஓபன்எம்பிஐயுடையது. எம்பிஐ மாட்யூலை மாற்றியதும் ஓடிவிட்டது, நன்றி. பேசாமல் 3.4க்குப் போய்விடலாமா? அதில் புராசஸ் எண்ணிக்கையை ஓட்டும்போதே கொடுக்கலாமே.

பழையகம்பைலர்:
தாராளமாக. ஆனால் பழைய கிளஸ்டரின் 3.3 எண்களோடு ஒரே பத்தியில் போடாதீர்கள். 3.4இல் மெமரி ஒதுக்கும் விதமே வேறு, அங்கேயும் 3.4ஐ ஓட்டியபின் ஒப்பிடுங்கள். கிளாஸ் சிக்கு சிஜியின் விடையான ஜீட்டா 28.973605592845 வந்தால் விடை சரி, அவ்வளவுதான். மாப்/எஸ் (விநாடிக்கு எத்தனை மில்லியன் கணக்கு என்ற வேகம்) சரியா என்பதை வெரிஃபிகேஷன் சொல்லாது: 16 புராசஸும் ஒரே சாக்கெட்டில் (ஒரே சிபியுவில்) குவிந்திருந்தாலும் அது 'சக்ஸஸ்ஃபுல்' என்றுதான் அச்சிடும். எம்பிஐரனுக்கு -பைண்ட்-டு கோர், -மேப்-பை சாக்கெட் என்று இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி கொடுங்கள்.